புயலுக்குப் பின் கிராமத்தில் இலவச மருத்துவ முகாம்: முதல் தடவை நடத்தப் போகிறவர்களுக்கு

தஞ்சாவூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. எட்டாம் நாள் நண்பர்கள் ஆறு பேரும் இரண்டு மருத்துவர்களும் ஒரு டாடா ஏஸ் நிறைய மருந்தை ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனோம். யாரிடமும் சொல்லவில்லை, எதையும் கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பும்போது பாதி மருந்து வண்டியிலேயே இருந்தது. பார்க்க வேண்டிய ஆட்களில் பாதிப் பேரைப் பார்க்கவே இல்லை. அங்கிருந்த அரசு மருத்துவர் எங்கள் மேல் கோபமாக இருந்தார். அவர் கோபம் நியாயம் என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு கஜா பகுதியிலேயே ஐந்து முகாம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பின் விழுப்புரம் பக்கம் மூன்று முகாம் நடத்திவிட்டோம். கற்றதை எழுதி வைக்கிறேன். முகாம் என்றால் ஒரு நாள் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் எல்லாரும் கிளம்புகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். நீங்கள் கொடுத்த மாத்திரை தீர்ந்த மறுநாள் அந்த ஆள் எங்கே போவார் என்பதை முதலில் யோசித்துவிட்டால் கீழே இருப்பதில் பாதி உங்களுக்கே தோன்றிவிடும்.

1. எப்போது போவது

முதல் மூன்று நாள் போகாதீர்கள். சாலையில் மரம் விழுந்து கிடக்கும். நீங்கள் போனால் வழியை அடைப்பீர்கள். அந்த நேரத்தில் வருவது எலும்பு முறிவு, தலைக்காயம், சுவர் இடிந்து விழுந்தது போன்றவை. அதெல்லாம் 108 ஆம்புலன்ஸுக்கும் அரசு மருத்துவமனைக்கும் உரிய வேலை.

நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வருகிறவர்கள் வேறு. மரம் அறுக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டவர், தகரம் கிழித்துக் காயம்பட்டவர், ஆணியை மிதித்தவர், சேற்றில் நின்று நின்று கால் விரலிடுக்கு வெந்து போனவர். கூடவே, இவர்களைவிட அதிகமாக, சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கூரையோடு போய்விட்டவர்கள். இவர்கள் தாங்களாக வந்து சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். எலிக்காய்ச்சல், வெள்ளத்தண்ணீரில் இறங்கியதிலிருந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் தலைகாட்டும். அப்புறம் டெங்கு. தார்ப்பாய் மடிப்பிலும் விழுந்து கிடக்கும் தேங்காய் மட்டையிலும் தேங்கிய மழைத்தண்ணீர் போதும் அந்தக் கொசுவுக்கு.

ஒரு மாதம் கழித்து நிவாரண வண்டிகள் நின்றுவிடும். உங்கள் குழு சின்னது, ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் நான் அந்தச் சமயத்தைத்தான் சொல்வேன். முதல் வாரத்தில் ஒரே கிராமத்துக்கு மூன்று குழு வந்து பாராசிட்டமாலைக் குவிப்பதையும், ஐந்தாம் வாரம் அதே கிராமத்தில் ஈ காக்கை இல்லாததையும் பார்த்திருக்கிறேன்.

2. முதலில் போக வேண்டிய இடம்

ஆரம்ப சுகாதார நிலையம். ஊராட்சித் தலைவர் வீடோ கட்சி ஆபீஸோ அடுத்துதான்.

ஒவ்வொரு கிராமமும் ஏதாவது ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கீழ் வரும். அதற்குக் கீழே துணை சுகாதார நிலையம், அதில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர். ஊரில் அவரை நர்ஸம்மா என்பார்கள். எந்த வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணி இருக்கிறார், யார் காசநோய் மருந்து சாப்பிடுகிறார், எந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி விட்டுப்போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உங்கள் முகாமில் மருத்துவரைவிட முக்கியமானவர் அவர்தான் என்று நான் சொன்னால் மருத்துவ நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

நிலையத்தில் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். ஒன்றியத்துக்கு ஒரு வட்டார மருத்துவ அலுவலர் இருப்பார், முடிந்தால் அவரையும் பாருங்கள். போனதும் “முகாம் போட வந்திருக்கிறோம்” என்று தொடங்காதீர்கள். “உங்கள் டீம் போக முடியாத ஊர் எது?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் எங்களுக்கு நடந்தது: முகாம் போட நினைத்திருந்த சாலையோரக் கிராமத்தை விட்டுவிட்டு, நான்கு கிலோமீட்டர் உள்ளே உப்பளத் தொழிலாளர்கள் இருக்கும் குடியிருப்புக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அதுவரை ஒருவரும் போயிருக்கவில்லை.

இன்னொன்று. அரசின் நடமாடும் மருத்துவக் குழு எந்த நாள் எந்த ஊருக்குப் போகிறது என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரே ஊரில் இரண்டு முகாம் நடப்பதைப் போல அபத்தம் வேறில்லை. அவர்கள் ஒரு மாத்திரை கொடுப்பார்கள், நீங்கள் அதே மருந்தை வேறு பெயரில் கொடுப்பீர்கள், அந்த அம்மா இரண்டையும் சாப்பிடுவார்.

3. கடிதமும் இணைப்புகளும்

வாய்வார்த்தை போதாது, கடிதம் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு இந்தப் பதவியைத் துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் என்பார்கள், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். நகல்கள் வட்டார மருத்துவ அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும்.

கடிதத்தில் இருக்க வேண்டியது: தேதி, நேரம், ஊர், கட்டடத்தின் பெயர், எதிர்பார்க்கும் ஆட்கள், வரும் மருத்துவர்கள் எத்தனை பேர், என்ன செய்வீர்கள், என்ன செய்ய மாட்டீர்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். “ஊசி, டிரிப், அறுவை எதுவும் செய்யப்பட மாட்டாது” என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரிகளின் பாதிக் கவலை போய்விடும்.

கூடவே வைக்க வேண்டியவை: மருத்துவர்களின் மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் நகல், மருந்தாளுநர் மற்றும் செவிலியர் பதிவு நகல், கொண்டுபோகும் மருந்துப் பட்டியல், கட்டடப் பொறுப்பாளரின் சம்மதக் கடிதம், அமைப்பாக வந்தால் அதன் பதிவுச் சான்றிதழ், பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல். எல்லாவற்றிலும் ஐந்து செட். புயல் பகுதியில் கரண்ட் இருக்காது, ஜெராக்ஸ் கடையும் இருக்காது. வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு “பெறப்பட்டது” முத்திரை வாங்கிவிடுங்கள். சாதாரண நாளில் பதில் வர ஒரு வாரம் ஆகலாம். பேரிடர் நேரத்தில் எங்களுக்கு ஒரே நாளில் சரி என்று சொன்னார்கள். ஆனால் அதை நம்பி முந்தின நாள் போய் நிற்காதீர்கள். குறைந்தது மூன்று வேலை நாள் வையுங்கள்.

இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று, வருவாய் மாவட்டமும் சுகாதார மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி தனிச் சுகாதார மாவட்டம். தப்பான அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு, ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது மருத்துவப் படிப்பின் கடைசியில் பயிற்சியில் இருப்பவர்கள். ஆர்வமாக வருவார்கள், வேலையும் நன்றாகச் செய்வார்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது தற்காலிகப் பதிவு மட்டும்தான். பிரஷர் பார்க்கலாம், வரிசையை ஒழுங்கு செய்யலாம். தனி மேசை போட்டு மருந்து எழுதக் கூடாது.

4. பணம்

2018 டிசம்பரில் 150 பேருக்கு நடத்திய ஒரு முகாமின் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. மருந்து 14,000 ரூபாய். வண்டி, டீசலோடு 4,500. சாப்பாடும் டீயும் 3,000. ஷாமியானா, நாற்காலி, மேசை 2,500. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் நூறு, 1,500. ஜெனரேட்டர் 1,500. சீட்டு அச்சடிப்பும் மாத்திரைக் கவரும் 800. சில்லறை 1,000. மொத்தம் 28,800. மருத்துவர்கள் காசு வாங்கவில்லை. மருந்து என் கடைக்கு வரும் மொத்த விலையில் வாங்கியது. நீங்கள் சில்லறை விலையில் வாங்கினால் ஏறும். மக்கள் மருந்தகங்களில் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து விலை குறைவு. இப்போது முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. ஆனால் ஒரே நாளில் ஆயிரம் மாத்திரை கேட்டால் கடையில் இருக்காது, ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

இதே அளவு பணத்தை இரண்டாம் பயணத்துக்கு எடுத்து வையுங்கள். கையிலிருந்ததையெல்லாம் முதல் நாளே செலவழித்துவிட்டுத் திரும்பிய குழுக்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பணத்தில் ஜாக்கிரதை. டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், ஊர் புயலில் போனது தெரிந்ததும் அனுப்பத்தான் நினைப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க மத்திய உள்துறையின் தனிப் பதிவு வேண்டும், அதுவும் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். பதிவு இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். பதிவுள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் 2020-க்குப் பிறகு வழியில்லை. மாமாவிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், சொல்லித்தான் ஆக வேண்டும்.

5. மருந்து

இது என் தொழில், கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில், “வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுங்கள்” என்று யாரிடமும் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம். ஏழு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்துப் பார்க்க மூன்று பேருக்கு இரண்டு இரவு ஆனது. அதில் காலாவதியானது, பாதி வெட்டிய அட்டை, பாட்டில் திறந்த இருமல் சிரப், ஒரு பெட்டி முழுக்க முடி உதிர்வுக்கான மாத்திரை. தேறியது ஒரு பெட்டி. மிச்சத்தைக் குப்பையில் கொட்டவும் முடியாது. அதை அழிக்க வேறு செலவழித்தோம். பணமாகக் கேளுங்கள். மருந்தாகத்தான் தருவேன் என்றால் பிரிக்காத பெட்டி, காலாவதிக்கு ஒரு வருஷமாவது பாக்கி, உங்கள் பட்டியலில் உள்ளது மட்டும்.

பட்டியல் சின்னதாக இருக்கட்டும். முப்பது மருந்துக்கு மேல் எந்த முகாமிலும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, அவர்களிடம் வழக்கமாக இருக்கும் மருந்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். அங்கே பிரஷருக்கு அம்லோடிபின், அட்டெனலால், சுகருக்கு மெட்ஃபார்மின் இருந்தால் நீங்களும் அதையே கொடுங்கள். புதிதாக, விலை உயர்ந்ததாக ஒன்றை ஆரம்பித்துவிட்டு வந்தால் முப்பது நாளுக்குப் பின் அவருக்கு அதை யார் தருவார்?

சுகருக்கு இன்சுலினைக் கொடுத்தனுப்பாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது, கரண்ட் இல்லாத ஊரில் எங்கே வைப்பார்கள்? இன்சுலின் போடுகிறவர்களின் பெயரைத் தனியே எழுதி அன்றே நர்ஸம்மாவிடம் கொடுங்கள். மாத்திரையிலும் ஒரு கவனம் வேண்டும். நிவாரண முகாமில் காலையில் சாப்பாடு வரும், மதியம் வராது. அந்த நிலையில் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை முழு அளவில் சாப்பிட்டால் சுகர் தடாலென்று இறங்கி மயக்கம் வரும். “இப்போது ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள்?” என்ற கேள்வியைச் சீட்டிலேயே அச்சடித்துவிட்டோம்.

காசநோய், எச்.ஐ.வி. மருந்துகளை முகாமில் கொடுக்க வேண்டாம். அந்த மருந்து விட்டுப்போனவர்களைக் கூட்டத்துக்கு நடுவே கேட்காமல் தனியே கேட்டு, அன்றைக்கே அரசு நிலையத்தோடு சேர்த்துவிடுங்கள். வலிப்பு மாத்திரையும் மனநல மாத்திரையும் இடையில் நின்றால் ஆபத்து. “ராத்திரியில் ஏதாவது மாத்திரை போடுவீர்களா?” என்று கேட்டால் பதில் வரும்.

சொறி சிரங்குக்குப் பெர்மெத்ரின் களிம்பு கொண்டுபோனால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் கணக்கிட்டுக் கொண்டுபோங்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தடவி அனுப்பினால் பத்து நாளில் அதே பிள்ளை சொறிந்துகொண்டு வரும்.

எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பாக டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒருமுறை கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது, வெள்ளத்தில் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு. கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் கூடாது. யாருக்குக் கொடுப்பது என்பதை அரசு மருத்துவ அலுவலர் முடிவு செய்யட்டும்.

இப்போது கவுன்ட்டரில் நடக்கும் தப்புகள். மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதி தேதி அச்சிட்ட முனையை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டால் மிச்ச அட்டையில் தேதியே இருக்காது. எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள், கொடுக்கும் கவரில் தேதியை எழுதுங்கள். கவரில் எழுத்து மட்டும் போதாது. காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து, எத்தனை மாத்திரையோ அத்தனை புள்ளி வையுங்கள். நான் சின்ன ரப்பர் ஸ்டாம்பே செய்துவிட்டேன், 120 ரூபாய் ஆனது.

நிறம் என்று ஒன்று இருக்கிறது. நம் ஊரில் மாத்திரைக்குப் பெயர் கிடையாது: வெள்ளை மாத்திரை, ரோஸ் மாத்திரை, பெரிய மாத்திரை. தலைஞாயிறு பக்கம் ஒரு முகாமில் ஒரு பாட்டி முந்தானையிலிருந்து பழைய அட்டையை எடுத்துக் காட்டினார். நாங்கள் கொடுத்ததும் அதே பிரஷர் மருந்துதான், கம்பெனிதான் வேறு. “இது ரோஸு, அது வெள்ளை. ரெண்டும் வேற வேறதானே தம்பி?” என்றார். கேட்டதால் தப்பித்தார். அன்றிலிருந்து பழைய அட்டையோடு வருகிறவர்களிடம் புதிதைக் கையில் வைத்து, பழையதை அவர்கள் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

6. இடமும் நேரமும்

எங்கள் முதல் முகாமின் பெரிய தப்பு இடம்தான். பெரிய தெருவில் கல்யாண மண்டபம், கூரை போகாமல் இருந்தது, உரிமையாளர் இலவசமாகக் கொடுத்தார். நாங்கள் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்தோம். காலனியிலிருந்து ஒருவர் வரவில்லை. ஏன் என்று மதியம்தான் ஒருவர் சொன்னார்: “அந்த மண்டபத்துக்குள்ள நாங்க போனதில்லீங்க.” புயல் எல்லா வீட்டையும் ஒன்றாகத்தான் பிய்த்துப் போட்டது, மண்டபத்துக் கதவு மட்டும் பழையபடிதான் இருந்தது.

அதனால் கோயில் மண்டபம், சாதிச் சங்கக் கட்டடம், தனியார் வீட்டுத் திண்ணை எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, புயல் பாதுகாப்பு மையம், ஊராட்சிக் கட்டடம் இவற்றில் ஒன்று. அதிலும் எல்லாத் தெருக்காரர்களும் வந்து போகும் இடம் எது என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் காலனிப் பள்ளியிலேயே போடுங்கள். அங்கே ஊர்த்தெருவிலிருந்து வருவார்களா என்று உங்களிடம் கேட்பார்கள். மருந்து தேவைப்படுகிறவர் வருவார்.

பள்ளிக்கூடம் என்றால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வகுப்பு நடக்காத நாளாகப் பாருங்கள்.

நாள் பார்ப்பதில் மூன்றைத் தவிருங்கள்: நிவாரணச் சாமான் கொடுக்கும் நாள், ரேஷன் கடை திறக்கும் நாள், சேதக் கணக்கெடுக்க அதிகாரிகள் வரும் நாள். வீட்டைக் கணக்கெடுக்க வருகிற நாளில் நெஞ்சுவலி வந்தாலும் ஆள் நகர மாட்டார். நேரம் காலை ஏழு மணி. பத்து மணிக்குத் திறந்தால் நூறு நாள் வேலைக்கும் உப்பளத்துக்கும் போனவர்கள் போனதுதான். ஆண்களைப் பார்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல் இரண்டு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். அதற்குத்தான் ஜெனரேட்டர்.

அறிவிப்புக்கு பேனர் வேண்டாம், தண்டச் செலவு. முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோவில் மைக், ஆஷா பணியாளரும் மகளிர் குழு ஆட்களும் வீடு வீடாகச் சொல்வது, இரண்டும் போதும்.

7. முகாம் நாள்

ஒரு மருத்துவர் ஐந்து மணி நேரத்தில் ஒழுங்காக 60 பேரைப் பார்க்கலாம். “முந்நூறு பேர் பயனடைந்தனர்” என்று செய்தி போட ஆசைப்பட்டால் ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கும். டோக்கனை எண்ணிக் கொடுங்கள். தீர்ந்துவிட்டால் அவசரமானவர்களை மட்டும் பார்த்து, மற்றவர்களுக்கு அடுத்த தேதியைச் சொல்லி அனுப்புங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

மேசை ஐந்து. பதிவு, பிரஷரும் சுகரும், மருத்துவர், மருந்து, கடைசியில் வெளியேறும் மேசை. இந்த ஐந்தாவது மேசையைப் பலர் போடுவதில்லை. அங்கே எழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் உட்கார வேண்டும். நோயாளி சீட்டைக் காட்டுவார். மறுபடி யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தேதி, எந்த நிலையம் என்பதை அவர் சீட்டின் பின்னால் எழுதி, அதே விவரத்தைப் பதிவேட்டிலும் ஏற்றுவார். மருந்துப் பெயரைப் பொதுப்பெயரில், தெளிவான எழுத்தில் எழுத வேண்டும்.

பெண்களுக்கு மறைப்புப் போட்ட தனி இடம் கட்டாயம். வேட்டி கட்டி மறைத்தாலும் போதும். பெண் மருத்துவர் ஒருவராவது வேண்டும். கர்ப்பிணிகள் வந்தால் பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை, கேட்டு வாங்குங்கள். அட்டை தண்ணீரில் போயிருக்கும், எண் நர்ஸம்மாவின் கணக்கில் இருக்கும். பிரசவத் தேதி நெருங்கியவரை வரிசையில் நிற்க வைக்காமல் அவர் பெயரை அங்கேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசி கேட்பார்கள், கேட்டுக்கொண்டே இருப்பார்கள். “ஊசி போடாத டாக்டரு என்ன டாக்டரு” என்று ஒரு பெரியவர் எங்கள் மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எழுந்து போனார். அசையாதீர்கள். காயம் பட்டவர்களுக்கு டிடி (டெட்டனஸ்) தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு. அதையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து குளிர்பெட்டியில் கொண்டுவந்து அவர்களுடைய செவிலியரே போடட்டும். பாம்புக்கடி வந்தால் முகாமில் ஒரு நிமிஷமும் வைத்திருக்க வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வண்டியில் ஏற்றி நேரே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்திருக்க வேண்டும். இதற்காகவே ஒரு வண்டி, ஓட்டுநரோடு, சாயங்காலம் வரை நிற்கட்டும்.

படம் எடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: நோயாளி முகம் வேண்டாம். வீடு போனவர் கிழிந்த சேலையோடு மாத்திரை வாங்குவதை ஊருக்குக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. நன்கொடையாளர்கள் கேட்டால் மருந்துப் பெட்டியைப் படமெடுத்து அனுப்புங்கள்.

8. தண்ணீர்

மருந்து கொடுத்துவிட்டு அதே தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் வயிற்றுப்போக்கு எப்படி நிற்கும்? சுகாதார ஆய்வாளரை முந்தின நாளே கூட்டிக்கொண்டு மேல்நிலைத் தொட்டியையும் தெருக்குழாயையும் சோதியுங்கள். குழாய் முனையில் மிச்சக் குளோரின் 0.5 பி.பி.எம். (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) காட்ட வேண்டும். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத ஊரில் ஜனங்கள் கைப்பம்புக்கும் குளத்துக்கும்தான் போவார்கள், அங்கே வீட்டுக்கு வீடு குளோரின் மாத்திரை. அரை கிராம் மாத்திரை ஒன்று, 20 லிட்டர் குடத்தளவுக்கு, போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். வாசனை அடிக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். சும்மா கொடுக்காமல் ஒரு வீட்டில் நீங்களே கலக்கிக் குடித்துக் காட்டுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. டம்ளரில் அரைப் பொட்டலம் கொட்டிக் கொடுக்கிறார்கள், அது பிள்ளைக்குக் கெடுதல். லிட்டர் பாட்டிலோடு கொடுத்தால் அளவு தானாக வந்துவிடும். பிள்ளைகளுக்கு ஜிங்க் மாத்திரை 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தக் கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

9. குப்பை

2016 மருத்துவக் கழிவு விதிகள் முகாமுக்கும் பொருந்தும். ஊசி இல்லை என்றாலும் சுகர் குத்தும் முனைகள் நூறு சேரும், ரத்தம் பட்ட பஞ்சு சேரும். முனைகளுக்குக் குத்தினால் துளைக்காத வெள்ளை டப்பா, பஞ்சுக்கு மஞ்சள் பை. மாலையில் எண்ணி மூட்டை கட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள். இதை முன்கூட்டியே கடிதத்தில் கேட்டுவிட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு முகாம் முடிந்த மறுநாள் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கையுறையை ஊதி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது வேறு குழுவின் முகாம் என்று சொல்ல ஆசைதான். எங்களுடையது.

10. இரண்டாம் பயணம்

சுகர், பிரஷர் ஆட்களுக்கு முப்பது நாளுக்கு மாத்திரை கொடுங்கள். இருபத்தைந்தாம் நாள் மறுபடி போங்கள். முழு முகாம் வேண்டாம். ஒரு மருத்துவர், ஒரு மருந்தாளுநர், பதிவேடு, பிரஷர் கருவி, ஒரு கார். முதல் நாளே பதிவேட்டின் நகலை நர்ஸம்மாவிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள். அதை வைத்து அவர் யாரெல்லாம் நிலையத்துக்கு வந்தார்கள் என்று டிக் அடித்து வைத்திருப்பார். 2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, உங்கள் பட்டியலை அந்தப் பணியாளரிடமும் கொடுங்கள். பெயர் ஏறிவிட்டால் உங்கள் வேலை பாதி குறைந்துவிடும்.

உப்பளக் குடியிருப்பில் நாங்கள் மாத்திரை கொடுத்தது 41 பேருக்கு. திரும்பிப் போனபோது 26 பேர் நிலையத்தில் பதிந்திருந்தார்கள். ஆறு பேரை வீட்டில் போய்ப் பார்த்தோம். மூன்று பேர் அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்தார்கள், மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். மிச்சம் ஆறு பேர் ஊரிலேயே இல்லை. தென்னை போச்சு, உப்பளம் போச்சு என்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

இப்படிப் போகிறவர்களுக்காகத்தான் ஐந்தாவது மேசைச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் அன்றைய பிரஷர், சுகர் எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும் என்றேன். எந்த ஊர் அரசு மருத்துவமனையில் காட்டினாலும் அதே மாத்திரை கிடைக்கும். சீட்டைக் கனமான அட்டையில் அடியுங்கள். ஆதார் வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போகிற அளவுக்கு வெட்டுங்கள். வீட்டை விட்டுப் போகும்போது அந்த உறையை மட்டும் யாரும் மறப்பதில்லை.